சைவம் மட்டும்

பழைய கோட்டைச் சுவரில் ஒரு பொந்து வாடகைக்கு இருந்தது. ஒரே அறைதான், ஆனால் நல்ல காற்றோட்டம். அந்தச் சுவரில் குடியிருப்பதே ஊரில் ஒரு மதிப்பு. வீடு கேட்டு வந்த மீன்கொத்தியிடம் சொந்தக்காரி கிளியம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அசைவம் சாப்பிடுவீங்களா தம்பி?"

"சேச்சே, எங்க வீட்டுல யாருமே தொடமாட்டோம்" என்றான் மீன்கொத்தி. பொந்து கிடைத்தது.

தினமும் தூரத்து ஏரிக்குப் போய் மீன் தின்றுவிட்டு, அலகை இரண்டு தரம் கழுவிக்கொண்டு வீடு திரும்புவான்.

ஒரு மாதம் கழித்து அவனுடைய அக்கா பார்க்க வந்தாள். தம்பியின் புது வீட்டுக்கு வெறுங்கையோடு வர மனமில்லாமல் கொண்டுவந்த கெண்டை மீனை வாசலில் வைத்தாள். கிளியம்மா எட்டிப் பார்த்தாள்.

"யாரு தம்பி இது? உங்க சொந்தமா?"

மீன்கொத்தி அக்காவைப் பார்க்காமல், "யாருன்னு தெரியலையேம்மா" என்றான்.

அக்கா ஒரு நொடி அவனையே பார்த்தாள். பிறகு, "மன்னிச்சுக்கோங்கம்மா, வீடு மாறி வந்துட்டேன்" என்று சொல்லி, மீனைக் கவ்விக்கொண்டு பறந்துபோனாள்.

"கண்டதெல்லாம் இந்தச் சுவர்ல வந்து உட்காருது. நல்லவேளை, உங்களை மாதிரி ஒருத்தர் குடிவந்தீங்க" என்று கிளியம்மா ஒரு கொய்யாத் துண்டை நீட்டினாள்.

அவன் வாங்கித் தின்றான்.

"இனிப்பா இருக்கா தம்பி?"

"இருக்கும்மா" என்றான், தலையை நிமிர்த்தாமல்.