க்யூட்டுன்னா என்ன?

கடை வாசலுக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, போனில் மகளிடம் கேட்டார் முடிதிருத்தும் அப்பா. "க்யூட்டுன்னு குழந்தைங்களை மட்டும்தான் சொல்லணுமாம்மா?"

"பெரியவங்களையும் சொல்லலாம்ப்பா. பார்த்ததும் கன்னத்தைக் கிள்ளத் தோணணும், அவ்வளவுதான்."

"அறுபது வயசுப் பொம்பளையை?"

மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாருப்பா அது? அம்மா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அல்லாடுறப்போ உங்களுக்கு..."

"அட, அவளேதான்! மருந்துல முடி கொட்டுதுன்னு இப்பத்தான் மொட்டையடிச்சுவிட்டேன். கண்ணாடியைப் பார்க்கவே மாட்டேங்கிறா. 'அழகா இருக்கே'ன்னு சொன்னா பொய்ங்கிறா. இங்க வர்ற பொண்ணுங்க முடி வெட்டினதும் க்யூட்டுன்னுதானே சொல்லிக்கிறாங்க?"

"போய்ச் சொல்லுங்கப்பா."

அவர் உள்ளே போய்ச் சொன்னார். போனில் அம்மாவின் சிரிப்பு வெடித்தது.

"இந்த வயசுல பேச்சைப் பாரு! சரி, நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்க."