இருபத்திரண்டு வயசு அண்ணன்

“அம்மாவுக்கு எழுபது, மகளுக்கு நாப்பத்தஞ்சு. அந்த மகளோட அண்ணனுக்கு மட்டும் இருபத்திரண்டா?”

வனிதா ரேஷன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுத்துப் பிழையாக இருக்குமோ என்று பழைய கார்டையும் கேட்டு வாங்கினாள். பத்து வருஷத்துக்கு முந்தைய அந்தக் கார்டிலும் முத்துவேல், வயது 22 என்றுதான் இருந்தது.

குன்னூரை அடுத்த அந்த எஸ்டேட்டில் பாக்டரியை மூடி நாலு மாதமாகிறது. பச்சைத் தேயிலை கிலோ நாலு ரூபாய்க்கு விழுந்ததில் சம்பளமும் நின்றுபோயிற்று. தொழிலாளர்களின் லைன் வீடுகளில் ரேஷனை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. இந்த நேரம் பார்த்து, போலிப் பெயர்களைக் கண்டுபிடித்து நீக்கச் சொல்லி ஆர்டர் வந்திருந்தது. வனிதா தாலுகா ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தே மூன்று மாதம்தான்.

“எங்கங்க இந்த முத்துவேல்? கூப்பிடுங்க.”

வீட்டுக்காரி தெய்வம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். மகள் மாலதிதான் சொன்னாள்.

“அண்ணன் இப்ப இல்லீங்க. பட்டாளத்துல இருந்தாருங்க. எழுபத்தொண்ணுல, பங்களாதேஷ் சண்டையில செத்துப்போயிட்டாரு.”

வனிதாவுக்கு ஒரு கணம் என்னவோபோல் இருந்தது. அடுத்த கணமே கோபம் வந்தது.

“இருபத்தொம்பது வருஷமா செத்தவர் பேர்ல சர்க்கரை வாங்கிட்டு இருக்கீங்களா?”

பக்கத்து வீடுகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. மாலதி தலையைக் குனிந்துகொண்டாள்.

“பேரு மட்டுந்தானுங்க அம்மிணி,” என்றாள் தெய்வம்மா மெதுவாக. “அவன் ஒடம்பு வரலைங்க. ஒரு தகரப் பொட்டிதான் வந்துச்சு. ரெண்டு சட்டை, ஒரு ஷேவிங் செட்டு. எங்க எரிச்சாங்களோ, அதுவும் தெரியாது. பென்ஷன் புக்குலகூட அவன் பட்டாள நம்பருதான் போட்டிருக்குது. எம் பையன் இந்த ஊட்டு ஆளுன்னு கவர்மெண்டு எழுதிக் குடுத்தது இந்தக் கார்டு ஒண்ணுதானுங்க.”

“சரி, வயசை ஏன் மாத்தவே இல்ல?”

தெய்வம்மா அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

“அவனுக்கு அதுக்கு மேல வயசே ஆகலையேங்க.”

வனிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் ரூல் ரூல்தானே? செத்தவர் பெயரை வைத்திருந்தால் கார்டையே ரத்து செய்யலாம்.

“ஆபீஸ்ல கேட்டுட்டுச் சொல்றேங்க,” என்று கார்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

இத்தனை வருஷமாக எத்தனை பேர் இந்தக் கார்டைச் சோதித்திருப்பார்கள்! ஒருத்தர் கண்ணிலுமா படவில்லை? எல்லாம் காசு வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்ட கூட்டம் என்று நினைத்துக்கொண்டாள்.

சரிவில் இருந்த ரேஷன் கடைக்குப் போய், சேல்ஸ்மேன் ஜெகதீசனிடம் கார்டை நீட்டினாள்.

“இந்த வீட்டுக்கு மாசம் எவ்வளவு சர்க்கரை போடறீங்க?”

“ஒரு கிலோங்க மேடம்.”

“ஆளுக்கு அரைக் கிலோ. மூணு பேருக்கு ஒண்ணரை வரணுமே?”

“அந்தப் பையன் பங்கை அவங்க வாங்கறதே இல்லீங்க. எங்கப்பா கடையில இருந்த காலத்துலயும் வாங்குனதில்ல. போன மாசம் நானே சொன்னேன், பாக்டரி மூடிக் கெடக்குது, சும்மா வாங்கிக்குங்கன்னு. ‘அவனுக்குப் பட்டாளத்துல போட்டுருவாங்கப்பா’ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டாங்க.”

வனிதா கார்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

பஸ்ஸில் மடியில் தாளை வைத்துக்கொண்டு ரிப்போர்ட் எழுத ஆரம்பித்தாள். ‘இறந்தவர்’ என்று எழுதிக் கிழித்தாள். இன்னொரு தாளில் எழுதி அதையும் கிழித்தாள். ஆபீஸ் வாசலில் நின்றபடி ஒரே மூச்சில் எழுதி முடித்தாள்: ‘நேரில் விசாரித்தேன். அட்டை சரியாக உள்ளது.’

எழுதியாயிற்று. ஆனால் அதை ஞானசுந்தரி மேடத்திடம் அல்லவா கொடுக்க வேண்டும்? தேதி போட மறந்தால்கூடத் தாளைத் திருப்பி எறிகிற அதிகாரி. ரிடையராக எட்டு மாதம் இருக்கும்போதும் அந்தக் கறார் கொஞ்சமும் குறையவில்லை.

மேடம் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். தெய்வம்மாவின் கார்டு வந்ததும் கை நின்றது.

“இந்த முத்துவேலை நேர்ல பார்த்தியா?”



“இல்லைங்க மேடம்... அவர்... பட்டாளத்துல...”

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். மெமோதான், வேலை போனாலும் போகும் என்று வனிதா நினைத்தாள். மேடம் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, கார்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

“நாளைக்கே கொண்டுபோய்க் குடுத்துரு. அந்தம்மா நல்லா இருக்காங்களா?”

“மேடம், உங்களுக்கு அவங்களை...?”

“எண்பத்து மூணுல அந்த லைனுக்குப் புதுக் கார்டு எழுதப் போனது நான்தான். கணக்குப் போட்டு, பையனுக்கு வயசு முப்பத்தி நாலுன்னு எழுதிட்டேன். அந்தம்மா அந்த எழுத்தையே பார்த்துட்டு நின்னாங்க. கேட்டப்புறம்தான் விஷயமே தெரிஞ்சுது,” என்றார் மேடம். “அந்தக் கார்டைக் கிழிச்சுப் போட்டுட்டு, இருபத்திரண்டுன்னு வேற கார்டு எழுதிக் குடுத்துட்டு வந்தேன்.”