குயாட்டே வீட்டு மதில்

முன்வரிசையில் நான், அக்கா சிரா, என் மகன் டெம்போ. பின்வரிசையில், முறைப்படி, கொல்லர் ஃபன்னேயும் அவர் மனைவியும்.

அவர்கள் பெற்ற மகன்தான் மேடைக்கு வந்துகொண்டிருந்தான்.

அரங்கம் கைதட்டியது. எங்கள் வரிசையில் கைகள் மடியிலேயே இருந்தன.

அவன் கையில் கோரா. சுரைக்குடுக்கை, தோல், இருபத்தொரு நரம்பு. காம்பியாவில் அதைத் தொடும் உரிமை பாணர் குலத்துக்கு. எங்கள் பிரிகாமாவில் பாணர் குலம் என்றால் குயாட்டே வீடு, எங்கள் வீடு.

கொல்லன் மகன் இரும்பைத் தொடலாம்.

இவன் சிறுவயதில் பால்பவுடர் டப்பாவில் தூண்டில் நரம்பு கட்டி மீட்டித் திரிந்தவன். பிறகு கடற்கரை ஓட்டல்களில் வெள்ளைக்காரர்கள் சாப்பிடும்போது வாசித்தான். பிறகு டக்கார். பிறகு பாரிஸ். இப்போது ஊருக்கு வந்தால் விமான நிலையத்தில் மந்திரி நிற்கிறார்.

டெம்போவும் வாசிப்பான். கல்யாணங்களில். பந்தி முடியும்வரை.

வாசிக்கும் முன் குருவின் வீட்டைச் சொல்ல வேண்டும். சொன்னதும் அந்த வீட்டின் மூத்தவர் எழுந்து கையுயர்த்த வேண்டும். அதுதான் வழக்கம்.

நான் புது அங்கி உடுத்தியிருந்தேன். வலக்கையை மடியிலிருந்து எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டேன்.

"எனக்குக் குருன்னு யாரும் கிடையாது," என்றான் அவன். "குயாட்டே வீட்டு மதில் உண்டு. முதல்ல அதுமேல உக்காந்து பாத்தேன். அப்புறம் அதுக்குக் கீழ உக்காந்து கேட்டேன்."

அரங்கம் சிரித்தது.

அக்கா என் காதருகே சாய்ந்தாள். "எந்திரிடா தம்பி. மதிலுக்காக வேற யாரு எந்திரிப்பா?"

டெம்போ எழுந்தான். கையுயர்த்தினான்.

என் மகன்.

கொல்லன் மகன் எடுத்தது என் அப்பாவின் பாட்டு. ஓரிடத்தில் அப்பாவின் இடக் கட்டைவிரல் சற்றே பிந்தி விழும். கேட்பவர் மூச்சு அங்கே நிற்கும். எனக்கு அது வரவில்லை. டெம்போவுக்கும் வரவில்லை.

அது கொல்லன் வீட்டுக்குப் போயிருந்தது.

ஃபன்னே பின்னாலிருந்து என் தோளைத் தொட்டார். "உங்கப்பா கைதானுங்களே இது?"

முழங்காலிலிருந்த கையை மடிக்கு எடுத்துக்கொண்டேன்.

மறுநாளே கொத்தனாரை அழைத்து நான் மதிலை உயர்த்திவிட்டதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள்.

தவறு.

நான் மதிலை உயர்த்தியபோது கொல்லன் மகனுக்கு ஒன்பது வயது.