மணலில் வாப்பா

மூன்றாவது வாரமாக ஜலாலுதீனை அடக்கம் செய்துகொண்டிருந்தாள் அவருடைய மகள் ஹஸ்னா.

தாடி வைத்த பொம்மையை முதல் நாளே "வாப்பா" என்று காட்டியிருந்தாள். அதை மணல் தட்டில் படுக்கவைத்துக் கழுத்துவரை மணலை இழுத்து மூடினாள்.

எட்டு வயது ஹஸ்னாவுக்கு ஆட்டிசம். பேச்சு எப்போதாவது ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. மனதில் இருப்பதை மணலில் காட்டட்டும் என்று பொன்னேரி சிறப்புப் பள்ளியின் கிரேஸ் டீச்சர்தான் ஒரு கூடை நிறையப் பொம்மைகளைக் கொடுத்திருந்தார்.

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்த ஜலாலுதீனின் கண்கள் சிவந்திருந்தன.

"உயிரோட இருக்கறப்பவே மண்ணு அள்ளிப் போடுது, டீச்சர்."

"மவுத்தான ஆளு வர்ற வழியில எட்டு இட்லி துன்னுச்சே!" என்று சிரித்தாள் மனைவி பத்ருன்னிசா.

"நாமளா அர்த்தம் சொல்லக் கூடாது பாய். அவ முடிக்கட்டும்" என்றார் கிரேஸ்.

ஹஸ்னா தட்டிலிருந்த லாரியை எடுத்துக் கூடையில் போட்டாள். அடுத்து சேவல். அப்புறம் நாய்.

"பாத்தீங்களா? என் ஜனாஸா அடக்கத்துக்கு ஒரு நாய்கூட வரக் கூடாதாம்" என்றார் ஜலாலுதீன்.

சேலை கட்டிய பொம்மையும் கூடைக்குள் போய் விழுந்தது. பத்ருன்னிசாவின் சிரிப்பு நின்றது. "அடிப்பாவி, என்னையுமா?"

ஜலாலுதீன் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். "ஓசூர் கிளைக்கு மாத்தல் கேட்டு எழுதிட்டேன், டீச்சர். கையெழுத்துதான் பாக்கி. புடிக்காத மூஞ்சிய தெனம் காட்டிக்கினு இருக்க வாணாம். புள்ள நிம்மதியா இருக்கட்டும். ஒரு பேனா குடுங்க."

கிரேஸ் மேஜை மேலிருந்த பேனாவை மெல்ல டிராயருக்குள் தள்ளினார். "பேனா இல்லியே, பாய்." இந்தப் பொய்யைக் கர்த்தர் கணக்கில் வைக்கமாட்டார் என்று அவருக்கு நம்பிக்கை.

"ஓசூரா!" பத்ருன்னிசாவின் குரல் வராண்டாவரை கேட்டது. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம இன்னா வேல பாத்துக்கினு வந்து நிக்கிறீங்க!"

ஹஸ்னா விருட்டென்று எழுந்து ஓடிவந்தாள். மணல் ஒட்டிய கையால் அம்மாவின் வாயைப் பொத்தினாள்.

"உம்மா, கத்தாத! வாப்பா தூங்குது."