வியாழக்கிழமை வெயில்

ஊர்க் கேபிள் டிவியில் வாராவாரம் வானிலை வாசித்துவந்த சௌந்தரபாண்டியன், இறந்து ஒரு வருடம் கழித்து, கோடையின் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடியும் திரையில் வந்தார். "வர்ற வியாழக்கிழமை வெயில் நூற்றுப் பத்து டிகிரியைத் தாண்டும். மத்தியானம் யாரும் வெளியே தலைகாட்ட வேண்டாம்" என்றார். அவர் மனைவி மரகதவல்லி கேபிள் ஆபீசுக்குப் போன் செய்தாள்.

"போன வருஷத்துப் பதிவுதான்க்கா" என்றான் கேபிள்காரன் ஜெயசீலன். "புது ஆள் கிடைக்கல. அண்ணன் தேதி சொல்ல மாட்டாரு, கிழமைதான் சொல்லுவாரு. வெயில் என்ன, வருஷத்துக்கு வருஷம் மாறவா போகுது? வேணாம்னா நிறுத்திர்றேன்."

"இருக்கட்டும், ஓடட்டும்."

போன வருடம் அந்த வியாழக்கிழமை, ஊருக்குச் சொன்னதைத் தான் கேட்காமல், அவளுக்கு நுங்கு வாங்கக் கிளம்பியவர் பாலத்தருகே சுருண்டு விழுந்தார். சைக்கிளை மட்டும் யாரோ கொண்டுவந்து விட்டார்கள். ஒரு வருடமாகப் பின்கட்டில் காற்றிறங்கி நின்ற அதை இந்தப் புதன்கிழமை சாயங்காலம் பூட்டி, சாவியை அரிசிப் பானைக்குள் புதைத்தாள்.

மறுநாள் மத்தியானம் தெருவில் நாய்கூட இல்லை. பின்கட்டில் சைக்கிள் மணி அடித்தது. பூட்டை ஆட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"மரகதம், சாவிய எங்க வச்ச? நுங்கு தீர்ந்துரப் போவுது."

அவள் வாய் திறந்தால் சாவி இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுவாள், சொன்னால் போய்விடுவார். பானைக்குள் கையை விட்டுச் சாவியைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, வெயில் தாழட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.