புகுந்த வீடு

சிதம்பரத்தில் தாலி கட்டிய கையோடு காரில் நேராக இங்கேதான் வந்தார்கள்.

"இதாம்மா நம்ம வாசல். உங்க அத்தையும் இங்க ஆரத்தி எடுத்துதான் உள்ள வந்தா" என்றார் கொளஞ்சியப்பன்.

"கூடம் எந்தப் பக்கம் மாமா?" என்றாள் புது மருமகள் கனிமொழி.

"நேரா. வலப்பக்கம் அடுப்படி. எழிலன் பொறந்ததே அந்த மூலை ரூம்லதான்."

மாப்பிள்ளை எழிலன் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். அத்தை ஆரத்தி சுற்றினாள்.

"வலது காலைத் தூக்கும்மா."

தூக்கினாள்.

"போதும், போதும்! தூக்குன எடத்துலயே வச்சிடு."

அவள் காலுக்கு முன்னால், ஊரையே தோண்டிக் கரி எடுத்து முடித்துக் கைவிட்ட சுரங்கம் பாதாளமாக இறங்கியது. அதற்கு மேலே ஒரு கொக்கு பறந்து வந்தது.

"மாமா, கொக்கு நம்ம கூடத்துக்குள்ள போவுது" என்றாள் கனிமொழி.