சாட்சிக் கையெழுத்து

"பத்து வருஷமா டயர் கடையில ஜாக்கி தூக்குறது நான். உயில்ல கையெழுத்துப் போட மட்டும் அண்ணனுங்களா?" வக்கீல் ஆபீஸ் என்றும் பாராமல் மகள் வெடித்தாள்.

"நீ போடக் கூடாது. வாயை மூடு," என்றாள் அம்மா.

அண்ணன்கள் இருவரும் உயிலைப் படித்துக்கூடப் பார்க்காமல் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். "அம்மா சுயநினைவோடதான் எழுதினாங்க சார்!" என்று வக்கீலிடம் அடித்துச் சொல்லிவிட்டுச் சிரித்தபடி கிளம்பினார்கள்.

மகளும் விருட்டென்று எழுந்தாள். "இனி கடையையும் அவங்களே பார்த்துக்கட்டும்!"

"உட்காருடி. உயில்ல கடை உன் பேர்லதான் இருக்கு. சொத்து வாங்குறவளே சாட்சி போட்டா செல்லாதாம்."

மகள் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். "அதுக்கு... அவங்களையே ஏன்மா கூப்பிட்டே?"

"நாளைக்கு, கிழவிக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு கேஸ் போடுவானுங்கல்ல? இப்ப போடட்டும், பார்க்கலாம்!"